வாளிக்குள் இருந்த அட்டைகள்

ஈவர்,

பல் டாக்டரிடம் போகிறேன். வர மதியம் ஆகும். பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. கிளறிவிடு, இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடும்.

பத்து மணிக்குக் கோபன்ஹேகனிலிருந்து பழைய புத்தக வியாபாரி வருவார். நீ எனக்குக் கல்யாணப் பரிசாகத் தோலில் பைண்டிங் செய்யவைத்துக் கொடுத்த புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். பார்த்ததுமே, பைண்டிங் செய்வதற்கு முன்பு அதில் இருந்த அசல் தாள் அட்டைகளைத்தான் கேட்பார். அவை இருந்தால், கிடைக்கும் விலையில் ஒழுகும் கூரையையே மாற்றிவிடலாம். இல்லையென்றால் வந்த வழியே போய்விடுவார்.

நேற்று நீ, "பைண்டிங் பண்ணவன் கிழிச்சுப் போட்டிருப்பான்" என்றாய். "ஒரு பொருளை ஒழுங்கா வச்சுக்கத் தெரியுதா உனக்கு?" என்று நானும் கத்தித் தீர்த்தேன்.

காலையில் மாடியில் ஒழுகல் அதிகமாகிவிட்டது. வாளி எடுக்க நிலவறைக்குப் போனேன். வாளிக்குள் அந்த இரண்டு அட்டைகளும் இருந்தன, நேற்றைய செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றி.

விற்க மனசில்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, மனுஷா! இனிக் கத்த எனக்குத் தெம்பில்லை. பொட்டலத்தை ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

குட்ருன்

எப்படியானாலும் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பு. தூரத்திலிருந்து வருகிறார்.

வரும்போது இன்னொரு வாளி வாங்கி வருகிறேன். பெரியதாகவே.