நிலாக் குளத்து அயிரைகள்

நாள் 1 | காலை 6:10
எனக்கு அடுத்து இந்த நிலவு நிலையத்துக்கு வருபவருக்கு: நான் மரகதவல்லி, குளத்தைப் பார்த்துக்கொள்பவள். காற்றடைத்த கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு களிமண் குளம், அதில் 412 அயிரை மீன்கள். பூமியில் ஒன்றுகூட மிச்சமில்லை. வீட்டுத் தொட்டியில் வளர்த்து, அலுத்துப்போய் ஏரியில் விட்ட வெளிநாட்டு மீன்கள் தின்று தீர்த்துவிட்டன. நீர் வெப்பம் 26. எல்லாம் சரி. பம்ப் பொறியாளர் இருதயராஜ் சிறுநீரகம் கெட்டு நேற்று பூமிக்குக் கிளம்பினான். இனி நான் மட்டும். வாயாடி போனான், நிம்மதி என்று எழுதினால் பொய்.

நாள் 403 | காலை 6:25
முட்டை இருக்கிறது, குஞ்சு இல்லை. பெரிய அயிரைகளை எண்ணினால் 230. மறுபடி எண்ணினேன், 228. என்ன எழவு இது?

நாள் 611 | பிற்பகல் 2:40
கரை நெடுக, கை நுழையும் அளவுக்கு வளைகள். உள்ளே விட்ட கை கிழிந்தது. இழுத்துப் போட்டேன். முள் செதில் போட்ட டேங்க் கிளீனர் மீன். தன் அறைத் தொட்டியில் பாசி தின்ன ராஜ் இரண்டு வளர்த்தானே, அதே ஜாதி. அந்த இரண்டையும் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

நாள் 612 | காலை 9:05
பதில்: "கொல்லச் சொன்னீங்க, கை வரலக்கா. வாயில்லாத ஜீவன், பாவம்னு குளத்துல விட்டுட்டேன். இவ்ளோ தண்ணி கெடக்கு, நல்லா இருக்கும்லா?"
அவன் கிளம்பும்போது அந்த இரண்டையும் விதிப்படி கொல்ல வேண்டியவள் நான். நீயே பார்த்துக்கொள் என்று அவன் தலையில் கட்டினேன். எனக்கும்தான் கை வரவில்லை.

நாள் 640 | காலை 5:50
வளைகளால் கரை உடைந்தது. தண்ணீர் முழுக்க அடிப்பாறைக்குள் போய்விட்டது. சேற்றில் செத்துக் கிடந்த அயிரைகளைக் கையால் பொறுக்கினேன். உயிரோடு ஒன்பது, ட்ரம்மில் விட்டேன். டேங்க் கிளீனர்கள் சேற்றிலேயே மூச்சு விடுகின்றன. சனியன்கள். அடித்துக் கொன்றேன், கொன்றேன், முடியவில்லை.

நாள் 655
நான்கு. மணல் போட்டேன், புழு போட்டேன். வாய் வைக்கவில்லை. சாப்பிடு தாயே என்று கெஞ்சினேன்.

நாள் 661
ஒன்று. பெண். வயிறு நிறைய முட்டை. ஆண் இல்லை.

நாள் 662 | மாலை
ராஜிடமிருந்து: "நாளைக்கு ஆபரேஷன்க்கா. பொழைப்பேனான்னு தெரியல. அதுக ரெண்டும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."
"நல்லா இருக்குடா. குஞ்சும் குட்டியுமா நூத்துக்கணக்குல இருக்கு. நீ தைரியமா போ" என்று அனுப்பினேன்.
பொய் சொல்லவில்லை.
ட்ரம்மில் சத்தம் இல்லை. எழுந்து பார்க்க வேண்டும். இன்னும் பார்க்கவில்லை