நான் போடாத கையெழுத்து

இன்று காலை புதிய கைபேசியில் அக்காவுக்கு ஒரு செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ‘தொண்’ என்று தொடங்கியதும் அது தானாகவே ‘தொண்டைமானறு’ என்று முடித்துக் காட்டியது. ‘தொண்டைமானாறு’ என்ற ஊர்ப்பெயரில் ஒரு கால் விடுபட்ட அந்தப் பிழை என்னுடையது. நாம் செய்த விசைப்பலகைச் செயலிக்குச் சொற்பட்டியலை ஏற்றிய நாளில் என் விரல் செய்தது. செய்தியை அப்படியே விட்டுவிட்டு உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உம்முடைய தம்பிக்குக் காது கேளாது. ‘வருகிறேன்’ என்பதை அவன் நம் பேச்சில் ‘வாறன்’ என்று எழுதினால் போன் அதை வேறொன்றாக மாற்றிவிடும். “அவன் கதைக்கிற ஒரே வழி உதுதான். அதையும் திருத்தினால் என்ன செய்யிறது?” என்றீர். அப்படித்தான் நம் பேச்சைத் திருத்தாத ஒரு விசைப்பலகையைச் செய்யத் தொடங்கினோம். உடுப்பிட்டியில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்த நீர், சனிக்கிழமைகளில் சுன்னாகம் சந்தைக்குப் போய், வெங்காயம் விற்கிறவர்களோடு நின்று சொற்களை எழுதிவருவீர். நான் நிரல் எழுதினேன். நம் விசைப்பலகைச் செயலியைக் கனடாவில் இருந்தும் ஆட்கள் பாவித்தார்கள்.

பிறகு எனக்குக் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருடமே அந்த நிறுவனம் தானும் ஒரு தமிழ் விசைப்பலகையை வெளியிட்டது. நீர் அதைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு அழைத்தீர்.

“அவையின்ரை பட்டியலிலை உம்மடை பிழையும் கிடக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். ஒரு மாதம் கழியவில்லை. நாம்தான் அவர்களுடையதை நகலெடுத்தோம் என்று அவர்கள் முறைப்பாடு கொடுக்க, நம் செயலி இணையக் கடையிலிருந்து அகற்றப்பட்டது.

அந்தக் கடைக்கு மறுப்பு அனுப்பக் குறுகிய காலத் தவணைதான் இருந்தது. செயலியின் பதிவு என் பெயரில் இருந்ததால் கையெழுத்தும் நான்தான் போட வேண்டும். நீர் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிக் கொழும்புக்கே வந்தீர். நான் அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தேன்.

“எனக்கு வேலை போயிடும்.”

“சொல்லெல்லாம் சனத்தின்ரை. அவை எடுத்ததிலை எனக்குக் கோபமில்லை. எங்கடையை மூடினதுதான் பிழை,” என்றீர். கடிதத்தை என் பக்கம் நகர்த்தி, “யோசிச்சுச் சொல்லும்,” என்றீர்.

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். தவணை முடிந்தது. புதிய போன்கள் அவர்களுடைய விசைப்பலகையோடே விற்பனைக்கு வந்தன. வேறொன்றை யாரும் தேடவில்லை. நீர் என்னை ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. அழைப்பதை மட்டும் குறைத்துக்கொண்டீர். இரண்டு வருடம் கழித்து, உமக்குப் புற்றுநோய், கடுமையாக இருக்கிறது என்று உம் தம்பி எழுதினான். வேலை முடியட்டும், போகலாம் என்று நாளைக் கடத்தினேன். நான் வந்து சேர்ந்தது செத்தவீட்டுக்கு.

வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். போன கிழமை யாழ்ப்பாணத்தில், பதிப்புரிமைச் சட்டத்தையும் வணிகப் போட்டிச் சட்டத்தையும் திருத்துவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நானும் போனேன். முறைப்பாடு வந்த உடனே ஒரு செயலியை மூடிவிடாமல் இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும் என்றேன். போனில் எந்த விசைப்பலகை வேண்டும் என்பதை வாங்குகிறவரே தெரிவுசெய்ய வேண்டும் என்றேன். நமக்கு நடந்ததையும் சொன்னேன். குறிப்பெடுத்த அதிகாரி ஓர் இளம்பெண். நிமிர்ந்து பார்த்து, “அப்ப ஏன் நீங்கள் மறுப்பு அனுப்பேல்லை?” என்று கேட்டார்.

“பயந்திட்டன்,” என்றேன்.

அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

உமக்குச் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒற்றைச் சொல்லை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் இருந்தே அதை உம்மிடம் சொல்லியிருந்தால் நீர் கோபித்திருக்கமாட்டீர். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்ததைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.