பின்படியில் அடுக்கிய துணிக்கட்டுகள்

இன்று காலை கடையைத் திறந்ததும் புதுப் பெயின்ட் வாசனை முகத்தில் அடித்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எரிந்த அதே மாடிதான். சுவர்களுக்கு வெள்ளை பூசியிருக்கிறார்கள். தையல் இயந்திரங்கள் எல்லாம் புதியவை. உன் இயந்திரம் இருந்த இடத்தில் துணி வெட்டும் மேசையைப் போட்டிருக்கிறேன். வேறு இடமில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். இடம் இருந்தது. அந்தத் தரையைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

தேக்கா கடைத்தெருவில், கீழே கடையுள்ள இந்தக் கடைவீட்டு மாடியில் பதினெட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தோம். எனக்கு ரவிக்கை, உனக்கு மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங். புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து ரயில் ஏறி, எனக்கு முன்பே வந்து விளக்கைப் போட்டிருப்பாய். நோன்பு மாதத்திலும் எனக்கு மட்டும் தேநீர் வாங்கி வைத்திருப்பாய். நான் தயங்கினால், "நீ குடி லா. நோன்பு எனக்குத்தான, ஒனக்கா?" என்பாய்.

அந்தத் தீபாவளிக்கு அளவுக்கு மீறி ஆர்டர் எடுத்தது நான். துணிக்கட்டுகளைப் பின்படியில் அடுக்கியதும் நான். இரண்டு முறை நீ அவற்றைத் தூக்கி உள்ளே வைத்தாய். மூன்றாம் முறை நான் அடுக்கியபோது, "வழிய அடைக்காத. ஏதாச்சும் ஆச்சுன்னா எப்படி எறங்குறது?" என்று கேட்டாய்.

"தீபாவளி முடியட்டும், எடுத்துர்றேன்" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

கீழ்க்கடையில் தீப்பிடித்த மதியம் நான் எதிர்க்கடையில் பொத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். முன்படி முழுக்கப் புகை. நீ பின்பக்கம் ஓடியிருக்கிறாய். அந்தக் கட்டுகளுக்கு அருகில்தான் உன்னைக் கண்டெடுத்தார்கள்.

வழியில் துணியை வைத்தது யார் என்று விசாரணை அதிகாரி கேட்டார். "ரெண்டு பேரும்தான் சார்" என்றேன். மறுத்துப் பேச நீ இல்லை என்று தெரிந்தே சொன்னேன்.

போன மாதம், கடையை மறுபடி திறக்கப்போகிறேன் என்று கேள்விப்பட்டு உன் மகள் நஸ்ரின் வந்தாள். பின்படி ஓரம் நின்று, "ஆன்ட்டி, இங்க சின்னதா ஒரு பலகையில அம்மா பேர் போடலாமா?" என்றாள்.

"கஸ்டமர்லாம் என்ன ஏதுன்னு கேப்பாங்கமா. பயந்துட்டா வரமாட்டாங்க. நாமளும் இதுலேருந்து வெளிய வரணும்ல?" என்றேன்.

அவள் வாதாடவில்லை. "ஓகே ஆன்ட்டி. அம்மா மேலயும் தப்பு இருக்குதான. அவங்களும் சேர்ந்துதான வழிய அடைச்சாங்க, ரிப்போர்ட்லயே இருக்கு. அத நெனச்சு எத்தனையோ நாள் அவங்க மேல கோவப்பட்டிருக்கேன்" என்றாள்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு பொய், உன் மகளை மூன்று ஆண்டுகள் உன்மேல் கோபமாக வைத்திருந்திருக்கிறது. நீ இரண்டு முறை கட்டுகளை அகற்றியதையும், மூன்றாம் முறை எச்சரித்ததையும், நான் கேட்காததையும் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ரிப்போர்ட்ல மாத்துங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாளே போய் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். என்ன நடவடிக்கை என்று இன்னும் தெரியவில்லை. எது வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். பலகையும் மாட்டிவிட்டேன். இன்று திறப்புக்கு நஸ்ரின் வரவில்லை. வாட்ஸ்அப்பில் பலகையின் படத்தை அனுப்பினேன். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

இன்றைய முதல் வாடிக்கையாளர், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண், பலகையைப் படித்துவிட்டு, "யாருக்கா இவங்க?" என்று கேட்டாள்.

"என் தோழி. தீ விபத்துல எறந்துட்டா" என்றேன்.

அவள் "பாவம்" என்றாள். அந்தப் பரிவை நான் வாங்கிக்கொண்டேன். வழியை அடைத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவள் போன பிறகு அளவு நோட்டைத் திறந்தால், ஓர் எண்கூட எழுதியிருக்கவில்லை. போனில் அழைத்து, நாளை மறுபடி அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறேன். அப்போதாவது அவளிடம் சொல்ல வேண்டும்.