ஃபஸ்லினாவுக்குப் போய்ச் சேராத பதில்கள்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல பஸ் நகரவே இல்ல. வேலைக்கு லேட்.

நாங்க சிலர் எழுதிப் பழகுற எங்க சின்ன சேர்வருக்கு, பதில்களைக் கோத்துக் காட்டுற பக்கம் ஒன்னு செய்றேன், இன்னும் முடியல. யார் யாருக்குப் பதில் சொன்னாங்கன்னு பார்த்ததும் விளங்கணும். ஃபோன்ல பதிலுக்குப் பதில் போகப் போக எழுத்து ஓரத்துல நசுங்குது.

சாயந்தரம் ஃபஸ்லினாவோட பதிவு. அக்குறணைக்காரி. வேற சேர்வர், ஆனா ஒன்னுல எழுதுறது மத்ததுக்கும் போய்ச் சேரும். நேர்ல பார்த்ததில்ல, நம்பரும் இல்ல. எழுத்துல மட்டும் பழக்கம். ஏழாம் மாசம், பிள்ளை வயித்துலயே போயிட்டுதாம். "வீட்டுல அதப் பத்திக் கதைக்க விடுறாங்க இல்ல. இங்கயாவது சொல்றேன்."

உடனே எழுதினேன். நிறையப் பேர் எழுதியிருந்தாங்க. ஒருத்தி, பிறக்காத தன் பிள்ளைக்கு வச்சிருந்த பேரைச் சொல்லியிருந்தா. அழுதுட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
மழை. வாங்க: பால்மா, அம்மாவுக்கு பிரஷர் குளிசை, பல்பு.
ஃபஸ்லினா யாருக்கும் பதில் போடல. முடியாம இருப்பா.

ஜூலை 14, திங்கள்
காலையில அவளோட ஒரே வரி. "ஒருத்தருக்கும் எனக்குச் சொல்ல ஒண்டும் இல்ல. விளங்கிச்சு."

அவ சேர்வர்ல போய் அந்தப் பதிவைத் திறந்தேன். கீழ ஒரே ஒரு பதில். அதே சேர்வர்ல உள்ள எவனோ: "இதெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா?"

எங்க பதில் ஒன்னுகூட இல்ல. ஒவ்வொரு சேர்வரும் தனக்கு வந்து சேர்ந்ததை மட்டுந்தான் காட்டும். வராதது இருக்குன்னே தெரியாது. யாரும் எழுதாத மாதிரி வெறும் இடம்.

அந்த சேர்வரை நடத்துறது கிருபா அண்ணன். யாழ்ப்பாணத்து ஆள், குண்டசாலையில இருக்கார். கோல் எடுத்தேன்.
"ஓம் தங்கச்சி, டிஸ்க் நிரம்பிப் போச்சு. வெளியில போறது போகுது, உள்ளுக்க ஒண்டும் வரேல்லை. நான் கவனிக்கேல்லை."
"வந்த பதிலையெல்லாம் எடுக்க முடியுமா?"
"அது போயிட்டுது. இண்டைக்குச் சரி பண்ணுறன். எல்லாரையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கோ."

ஜூலை 15, செவ்வாய்
எழுதின ஒவ்வொருத்தரையும் தேடிப் பிடிச்சுச் சொன்னேன். நல்லவங்க, உடனே அனுப்பினாங்க. அதுக்குள்ள அவ கணக்கை மூடிட்டா.

எங்க பக்கத்துல மேல 'பதிவு நீக்கப்பட்டது'. அதுக்குக் கீழ எங்க ஆறுதல் எல்லாம், வரிசையா, சரியா உள்தள்ளி. நான் எழுதின கோட் அருமையா வேலை செய்யுது.

ஜூலை 17, வியாழன்
லீவு போட்டு அக்குறணை போனேன். அவங்களுக்கு அங்க துணிக்கடை இருக்குன்னு ஒருமுறை எழுதியிருந்தா. கடை கடையா விசாரிச்சேன். கல்லாவுக்குப் பின்னால கதிரையில இருந்தா. மெலிஞ்ச முகம். என் பேரைச் சொன்னதும் எழும்பிட்டா.

எங்க பதில்களைத் திறந்து ஃபோனைக் கொடுத்தேன். நின்னபடியே எல்லாத்தையும் வாசிச்சா. அந்தப் பிள்ளைப் பேர் வந்த இடத்துல விரல் நின்னுச்சு.

"எல்லாரும் எழுதீக்கீங்க."
"அன்னைக்கே எழுதினோம்."
"சரி. ஆனா அந்தக் கிழம முழுக்க நான் பாத்தது அவன்ட அந்த ஒரு பதிலத்தானே. இப்ப வாசிச்சா அது இல்லாமப் போகுமா?"

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாங்க. ஃபோனைத் திருப்பித் தந்துட்டா. "இனி வராதீங்க. யாருண்டு கேப்பாங்க."

ஜூலை 19, சனி
வெயில். துணி துவைச்சேன்.
கிருபா அண்ணன் மெசேஜ்: "தங்கச்சி, இப்ப எல்லாப் பதிலும் ஒழுங்கா வருது."