கூடத்து மேசையில் கேட்கப்படும் கேள்வி

அனுப்புநர்:
தையல்கடைச் சித்தி,
மருந்துக்கடை மாடி,
மகப்பேறு மையத்தின் பின்தெரு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: கர்ப்பிணிகளின் அந்தரங்கத் தொந்தரவுகளையும், குடும்பத்தில் நடந்த குறைமாதப் பிரசவங்களையும் கதவுள்ள அறையில் வைத்துக் கேட்டறியக் கோருவது குறித்து.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடவுள் உங்களையும் உங்கள் வீட்டாரையும் நல்லபடியாக வைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். மனு என்றால் எண் போட்டுச் சுருக்கமாக எழுத வேண்டும் என்று என் மகன் சொன்னான். எண் போட்டுவிட்டேன். சுருக்கம்தான் எனக்கு வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. இந்த மனு என் அக்கா மகள்கள் இருவரைப் பற்றியது. அக்கா காலமான பிறகு இருவரையும் நான்தான் வளர்த்தேன். மூத்தவள் அச்சகத்தில் புத்தகம் கட்டும் பகுதியில் வேலை செய்கிறாள். வீட்டில் அவளை அவசரக்காரி என்று கூப்பிடுவோம். எட்டாம் மாதமே பிறந்துவிட்டதால் வைத்த பெயர். அவளுக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து, தங்காமல் போனது. என் மகனும் எட்டில் பிறந்தவன்தான். இப்போது நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம், சாப்பாட்டிலும் அதே அவசரம். எங்கள் வீட்டில் யாருக்கும் பத்து மாதம் பொறுமை கிடையாது என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். இது டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் எங்களைக் கேட்டதும் இல்லை.

2. அவசரக்காரி முதல் பிள்ளை உண்டாகி உங்கள் மகப்பேறு மையத்துக்குத்தான் போய்வந்தாள். மாமியார் கூடப் போவார். ஊசி, சத்து மாத்திரை, எடை பார்ப்பது எதிலும் நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் நாக்கு அழுகிவிடும். என் குறை கேள்வி கேட்கும் இடத்தைப் பற்றியது. கூடத்தின் நடுவில் ஒரு மேசை. அதைச் சுற்றிக் கர்ப்பிணிகள், அவர்களின் மாமியார்கள், துணைக்கு வந்த கணவன்மார், ஒருநாள் மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்தவர்கூட. அந்த மின்விசிறி போடும் சத்தத்துக்கு மேலே காதில் விழ வேண்டும் என்று செவிலியர் உரக்கக் கேட்பார்: "வெள்ளைப்படுறது, அரிப்பு, வாடை எதுவும் இல்லதானே?" முன்னால் நிற்பவள் இல்லை என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் அடுத்தவளும் இல்லை என்பாள். சிலர் மேசையை நெருங்கும்போதே, கேள்வி வருவதற்கு முன்னால் தலையை ஆட்டிவிடுவார்கள். இதை நான் பிற்பாடு இவள் தங்கை சின்னவளோடு போனபோது கண்ணால் பார்த்தேன். அன்று அந்த வரிசையில் ஒரு பெண்ணுக்குக்கூட ஒரு தொந்தரவும் இல்லை. அப்படி ஓர் ஊர் பூமியில் இருக்குமா ஐயா?

3. அவசரக்காரிக்குத் தொந்தரவு இருந்தது. நாலாம் மாதத்திலிருந்தே வெள்ளைப்பட்டது, மீன் வாடை போல வாடையும் இருந்தது. தன் துணியைத் தனியாக அலசி, மற்றத் துணிகளுக்கு உள்பக்கமாக மறைத்துக் காயப்போட்டிருக்கிறாள். மாமியார் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, யாரோ ஒருத்தியின் கணவர் எதிரில் நிற்க, அவள் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். ஐயா, நீங்கள் ஆண்பிள்ளை. உங்களுக்கு இந்த வார்த்தைகளை எழுதவே எனக்குக் கை கூசுகிறது, சாமி படத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐம்பது தாண்டிய எனக்கே இப்படி என்றால், அந்தக் கூட்டத்தில் நின்ற சின்னப் பெண் வேறு என்ன சொல்லியிருப்பாள்?

4. ஏழாம் மாதத் தொடக்கத்தில், அச்சகத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு நீர்க்குடம் உடைந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். குளிருமே என்று நான் ஒரு குல்லாய் தைத்து எடுத்துப்போனேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு அளவெடுக்காமல் கண் பார்த்தே தைத்தவள் நான். அது அந்தத் தலையில் நிற்காமல் கழுத்து வரை இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பிரித்துச் சின்னதாக்கி எடுத்துப் போனேன். அதற்குள் குழந்தை போய்விட்டது.

5. வார்டு வாசலில் மாமியார் என்னிடம், "உங்க வீட்டுப் பொண்ணுங்க வயிறு பிள்ளையத் தாங்காது போல இருக்கு" என்றார். அவரும் பேத்தியைப் பறிகொடுத்தவர் என்று பொறுத்துக்கொண்டேன். பரிசோதனையில் கிருமித் தொற்று என்று வந்ததும் அது எங்கிருந்து வந்தது என்று வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தார். வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா நன்றாக இருக்கட்டும். இது எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடியது, நடத்தைக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று எல்லோர் முன்னிலும் அவரிடம் சொன்னார்.

6. பிறகு டாக்டரம்மா எங்கள் வீட்டுப் பிரசவங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவுடையது, என்னுடையது எல்லாம் சொன்னேன். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்தக் கிருமி நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, பெரும்பாலோர் மாதம் நிறைந்தே பெறுகிறார்கள். சிலருக்குக் கிருமியை எதிர்க்கும் வேகம் உடம்பில் கூடுதலாக இருக்குமாம். அது பெற்றவர்களிடமிருந்து மரபணுவில் வருவது. அது மட்டும் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கிருமியும் அந்த வேகமும் ஒரே உடம்பில் சேர்ந்தால், கிருமியை அடிக்கக் கிளம்பிய அழற்சி நீர்க்குடத்தையும் நைத்துவிடலாம், வலியையும் முன்னாலேயே கிளப்பிவிடலாம். நான் தையற்காரி, எனக்கு இது விளங்கியது. நைந்த நூலை மெதுவாக ஓட்டினால் தையல் நிற்கும். நல்ல நூலை வேகமாக ஓட்டினாலும் நிற்கும். நைந்த நூலை வேகமாக ஓட்டும்போதுதான் அறுந்துபோகும்.

அவசரக்காரிக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். முன்னாலேயே தெரிந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று அவள் கேட்டாள். டாக்டரம்மா அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "காப்பாத்தியிருப்போம்னு பொய் சொல்ல மாட்டேன்மா. ஆனா பாத்திருப்போம். மருந்து குடுத்து, அடிக்கடி வரச்சொல்லி, கர்ப்பப்பை வாயை ஸ்கேன்ல அளந்து பாத்திருப்போம்" என்றார். இப்போது அவசரக்காரி என்று அவளைக் கூப்பிட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

7. இப்போது இந்த மனு எழுதக் காரணம் சின்னவள். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அதே மையம், அதே மேசை. போன முறை நான் கூடப் போய், எங்கள் வீட்டுக் குறைமாதக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதை எழுதக் கர்ப்பிணி அட்டையில் இடமில்லை, சர்க்கரையும் பிரஷரும்தான் எழுத வேண்டும், நகருங்கள் என்றார் செவிலியர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. வெள்ளைப்படுவது பற்றிய கேள்விக்குச் சின்னவள் இல்லை என்று தலையாட்டினாள். வீட்டில் நான் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வளர்த்தவளிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். ஆனால் ஐயா, இரண்டு வாரமாக அவளும் தன் துணியைத் தனியாக அலசி, உள்பக்கமாக மறைத்துக் காயப்போடுகிறாள்.

8. உங்கள் மையத்தில் அறை இல்லை என்று சொல்வதற்கில்லை. மருந்து வாங்கும் சன்னலுக்குப் பக்கத்தில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்த்தேன், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாற்காலிகளுக்குக் கதவு இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

ஆகையால் ஐயா அவர்கள் தயவுசெய்து அந்த அறையை ஒழித்துக் கொடுத்து, கர்ப்பிணியைத் தனியாக உட்கார வைத்து, இல்லதானே என்று கேட்காமல், இருக்கிறதா என்று கேட்கச் செய்ய வேண்டும். அவளுக்கோ, அவள் தாய்க்கோ, கூடப் பிறந்தவர்களுக்கோ மாதத்துக்கு முன்னால் பிரசவம் ஆனதுண்டா என்று கேட்டு எழுத அட்டையில் ஒரு வரி இடம் விட வேண்டும். இருக்கிறது என்று சொல்பவளைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். சன்னலுக்குத் திரை வேண்டுமென்றால் நான் தைத்துப் போடுகிறேன், பெருக்கியும் கொடுக்கிறேன். எல்லாம் கடவுள் விட்ட வழி என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொல்கிறார்கள். நான் தினமும் அவரைக் கும்பிடுகிறவள், அவர் பேரைச் சொல்லி இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. காப்பாற்றித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை, அது அவர் கையில். பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

வருகிற புதன்கிழமை சின்னவளுக்கு முறை. அதற்குள் அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சின்னதாக்கிய குல்லாய் என் தையல் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சின்னவள் பிள்ளைக்கு அது பற்றாமல் போக வேண்டும் ஐயா.

இடம்: மேற்படி முகவரி
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தையல்கடைச் சித்தி
(கையொப்பம்)