கூரையில் விழுந்த மாம்பழம்

காரைக்கால்
2.7.2007

அன்புள்ள பாரதிப்ரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம். போனில் தெருப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கூரையைப் பிரிக்கவில்லை. இனிப் பிரிக்கவும் மாட்டார்கள். அப்பாடா!

ஆர்க்கிடெக்ட் மகளாயிற்றே நீ, நம் தெரு நடைபாதைக்கு நிழல் வேண்டுமென்று தகரக் கூரை போட்டாய், பெஞ்சும் போட்டாய். வெயில் எப்படிச் சாயும், மழைத்தண்ணீர் எங்கே வடியும் என்றெல்லாம் பார்த்தவள், இதே தெருவில் பிறந்தும் மாங்கனித் திருவிழாவை மறந்துபோனாயே! சாமி வரும்போது மாடியிலிருந்து இறைக்கிற பழம் கூரையில்தானே விழும்? "நாங்க என்ன காக்காயா, மேல ஏறிப் பொறுக்க?" என்று எதிர்வீட்டு லோகாம்பாள் அத்தை கேட்டார். திருவிழாவில் இடைஞ்சலானால் மறுநாளே பிரித்துவிடுவது என்று தெருவே பேசி முடித்தது. நீ இனி ஊருக்காக ஒரு கோடுகூடப் போடமாட்டேன் என்று புனேவுக்கு ஃபிளாட் வரையப் போய்விட்டாய். சின்ன வயதில் பொம்மை வரையாமல் பஸ் ஸ்டாண்டு வரைந்தவள் நீ. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

முந்தாநாள் சாமி நம் வாசலுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். தகரத்தில் தடதடவென்று பழம் விழுந்தது. ஆனால் விழுந்தது தங்கவில்லையடி! மழைத்தண்ணீருக்கு நீ வைத்த சாய்வில் உருண்டு தெரு ஓரத்தில் கொட்டியது. கூட்டத்துக்குள் நுழைய முடியாத வயசாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அங்கே முந்தானை ஏந்தி நின்றார்கள். சில பழம் நசுங்கி அப்பாவின் புதுச்சட்டை பாழானது, போகட்டும்.

முட்டிவலிக்கார லோகாம்பாள் அத்தை பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தபடியே இரண்டு பழம் பிடித்துவிட்டார். "இந்தக் கூரையில யாராச்சும் கை வைங்க, பாத்துக்கறேன்" என்று இப்போது கத்துவதும் அவர்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஊருக்கு வரைந்தால் யார் சோறு போடுவார் என்று உன்னை ரயிலேற்றிவிட்ட அப்பா, வரிச்சிக்குடி பஸ் நிறுத்தத்தில் பொட்டு நிழல் இல்லை என்று இன்று காலை தானாகவே சொன்னார். யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

உனக்காக ஒரு பழத்தை அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன். கூரியரில் போடு என்கிறார் அப்பா. போடமாட்டேன். இப்போது கெட்டியாகத்தான் இருக்கிறது. அழுகுவதற்குள் நம் காரைக்கால் அம்மையார் உன்னை நம் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும் அம்மா,
கமலாம்பாள்