பட்டையை அழித்துவிட்டுக் கை வரைந்திருக்கிறார்கள்

திருவல்லிக்கேணி
14.11.1996

அன்பு மகள் சிம்ராவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் அத்தாவும் நானும் சுகம், எடின்பரோ குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். அத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்குத்தான் நாலு நாளாக உடம்பெல்லாம் கொதிக்கிறது, காய்ச்சல் இல்லை, கோபம்.

உன் கட்டுரை வந்த இதழ் கிடைத்தது. நீயும் நானும் ஆறு மாதம் கடிதத்திலேயே தமிழ்ப்படுத்திய கட்டுரை, எழுத்தெல்லாம் சரி, படத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது. நீ தொலைநோக்கியில் படமெடுத்து அனுப்பிய விண்மீன் மண்டலம் நடுவில் பருத்து ஓரம் மெலிந்த வில்லை மாதிரி இருக்கும், மையத்தில் குறுக்கே ஒளிப்பட்டை ஓடும், சுருள் கைகள் கிடையாது. இந்தப் பத்திரிகைக்காரர்கள் பட்டையை அழித்துவிட்டு இரண்டு கைகள் வரைந்து வைத்திருக்கிறார்கள்! கைகளே இல்லை என்று சொல்லும் கட்டுரைக்கு மேலேயே! என் மகள் அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட எனக்கு இருந்த ஒரே படம். விட்டுத் தொலை என்றார் அத்தா. நான் மழையோடு அவர்களுடைய தேனாம்பேட்டை ஆபீசுக்கே போய்விட்டேன்.

ஆசிரியர் சிரிக்கிறார். “கை இருந்தாத்தாம்மா ஜனங்களுக்கு அழகா இருக்கும்” என்கிறார். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள், விடுவேனா? புது நட்சத்திரம் பிறக்க வாயு வேண்டும், அது இல்லாமல் போனதால் கைகள் மங்கி மறைந்தன, பழைய நட்சத்திரங்கள் நீள நீளமான பாதைகளில் ஒன்றாகச் சுற்றுவதால் பட்டை மட்டும் நிலைத்தது என்று நீ எழுதியதையே ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். ஓவியர் பொன்னுரங்கம் எழுந்து வந்தார். “போட்டோல கீறல் கீதுன்னு நெனச்சிக்கினு நான்தாம்மா அழிச்சேன். அது இன்னா, அத்தினியும் நட்சத்திரமா?” கோடிக்கணக்கில் என்றேன். முகம் செத்துப்போயிற்று அவருக்கு. மூலப்படத்தைத் தேடி எடுத்து, தான் பூசிய சாயத்தை ஈரப் பஞ்சால் தானே துடைத்தார். பட்டை பளிச்சென்று வந்தது. ஆசிரியரோ, கடைசிப் பக்கத்தில் திருத்தம் என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார். “முழுப் பக்கம் போடு சார், இல்லாங்காட்டி அடுத்த அட்டைய நீயே வரைஞ்சிக்கோ” என்று பொன்னுரங்கம் பிரஷ்ஷை மேஜையில் வைத்துவிட்டார். அடுத்த மாதம் சரியான படம் முழுப் பக்கத்தில் வருகிறது. ஆனாலும் மன்னிப்பு என்ற சொல் அந்த ஆசிரியர் வாயிலிருந்து கடைசிவரை வரவேயில்லை, அதை நான் மறக்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் தரட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வாயு தானாகத் தீர்ந்ததா, அக்கம்பக்கத்து மண்டலங்களுக்கு நடுவே ஓடும்போது பறிபோனதா என்பது இன்னும் தெரியவில்லை என்று கட்டுரையை முடித்திருக்கிறாய். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. தெரியவில்லை என்றால் எப்படி? சீக்கிரம் கண்டுபிடித்து எழுது.

உன் அம்மா,
நஸ்ருன்னிசா